உணவுக்குழாயில் லியோமயோமா: பயாப்சி எடுக்காமல் விட்டது ஏன்?

கெட்டியான உணவை விழுங்கும்போது நெஞ்செலும்புக்குப் பின்னால் அடைத்துக்கொள்கிறது என்று என் தாயார் பல மாதங்களாகச் சொல்லிவந்ததால் எண்டோஸ்கோபி செய்தோம். பதிவான படத்தை மருத்துவர் எங்களுக்குக் காட்டினார். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் ஒரு பக்கச் சுவர் உள்நோக்கிப் புடைத்திருந்தது. ஆனால் அதைப் போர்த்தியிருந்த சவ்வில் புண்ணோ சிவப்போ இல்லை, வழவழப்பாகவே இருந்தது. கட்டி என்று சொன்னவர் பயாப்சி எடுக்காமல் விட்டது எங்களைக் கலங்கவைத்தது.

அவர் விளக்கிய காரணம் இந்நோயைச் சந்திக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். லியோமயோமா என்பது மென்தசையில் தோன்றும், புற்றல்லாத கட்டி. உணவுக்குழாயில் அது பெரும்பாலும் சவ்வுக்கு அடியிலுள்ள தசை அடுக்கில்தான் வளர்கிறது. ஆகவே மேலாகக் கிள்ளி எடுக்கும் துணுக்கில் கட்டியே அகப்படாமல் போகலாம். அதைவிட முக்கியமாக, கிள்ளிய இடத்தில் தழும்பு விழுந்து சவ்வு கட்டியோடு ஒட்டிக்கொண்டால், பின்னர் கட்டியை மட்டும் உரித்தெடுக்க முனையும்போது சவ்வு கிழிந்துவிடக்கூடும். எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டில், தசை அடுக்கான நான்காம் அடுக்கில் கட்டி சீரான விளிம்புடன் கருமையாகத் தெரிந்தது. சிறியதாகவும் தொந்தரவின்றியும் இருந்திருந்தால் கண்காணிப்பே போதுமாம்; விழுங்கச் சிரமம் இருந்ததால், மார்பில் சிறு துளைகளிட்டு, உணவுக்குழாயின் தசை இழைகளை விலக்கி, கட்டியை முழுதாக எடுத்தார்கள். எடுத்த கட்டியின் சோதனை அறிக்கையில், தசைக்கட்டியைக் காட்டும் டெஸ்மின் பாசிட்டிவ், ஜிஸ்ட் என்ற வேறுவகைக் கட்டியைக் காட்டும் சிடி117 நெகட்டிவ்; அதாவது லியோமயோமாதான்.

மறுமொழி:

தாயார் நலமடைந்தது மகிழ்ச்சி. அறிக்கையின் அந்தக் கடைசி வரியை இரைப்பைக் கட்டி உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனெனில் இரைப்பையில் லியோமயோமாவைவிட ஜிஸ்ட் எனப்படும் கட்டியே அதிகம்; அது புற்றாக நடந்துகொள்ளக்கூடியது. தொண்ணூறுகளின் நடுவில் என் தந்தையாருக்கு அகற்றிய கட்டியை லியோமயோமா என்றே எழுதியிருந்தார்கள். ஜிஸ்ட் கட்டிகளில் கிட் மரபணுவில் (சிடி117 புரதத்தை உருவாக்குவது) மாற்றம் இருப்பது 1998இல்தான் வெளிவந்தது. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் கட்டி தென்பட்டபோது, மெழுகில் பதித்துப் பாதுகாத்திருந்த பழைய கட்டித் திசுவிலிருந்து (பாரஃபின் பிளாக்) புதிதாகச் சீவி சிடி117 சாயச்சோதனை செய்ததில் பாசிட்டிவ் என வந்தது. சிகிச்சையின் போக்கே மாறியது. அக்காலத்து அறிக்கையை வைத்திருப்பவர்கள் அதை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கேளுங்கள்.

மறுமொழி:

எனக்கு லியோமயோமா மலக்குடலில், கொலனோஸ்கோபியின்போது தற்செயலாகச் சிறு பாலிப்பாக (சவ்வில் முளைத்த சிறு புடைப்பாக) தென்பட்டது. இவ்வகை, சவ்வை ஒட்டிய மெல்லிய தசைப்படலத்தில் தோன்றுவது என்பதால் கம்பி வளையத்தாலேயே முழுதாக எடுத்துவிட்டார்கள். சோதனையிலும் லியோமயோமா என உறுதியானதால், மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படவில்லை.