குறிகாலத் தடக்கோலம்: மாதிரி இரயில் கலைக்கு ஒரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மாதிரி இரயில் அமைப்போர், குறிப்பிட்ட ஒரு காலத்தின் நிலையத்தையும் தடத்தையும் அப்படியே சிறிதாக்கி வண்டி ஓடும்படி கட்டும் மாதிரியைப் 'பீரியட் லேஅவுட்' என்று சொல்வதற்குத் தமிழ்ச்சொல் வேண்டி நான் எழுதிய மடலுக்கு வந்த மறுமொழிகள் அனைத்தையும் இருமுறை படித்தேன். 'பழங்கால இரயில் மாதிரி', 'வரலாற்றுத் தளவமைப்பு', 'இரயில் கொலு', 'காலக்கோலம்' என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்கையும் என் மேசைமேல் இருக்கும் வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின், என் முடிவையும் அதற்கான காரணங்களையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நான் அமைத்துக்கொண்டிருப்பது 1963ஆம் ஆண்டின் தனுஷ்கோடி நிலையம். அளவு 1:87, அதாவது உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்கு. மீட்டர் பாதையின் 1000 மி.மீ. அகலம் இந்த அளவில் 11.49 மி.மீ. ஆகச் சுருங்கும், கடையில் கிடைப்பதோ 12 மி.மீ. பாதை. அந்த அரை மில்லிமீட்டரை நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஆண்டில் ஒன்றைக்கூட என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அந்த ஊரும் நிலையமும் அழிந்தன; பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டியும் கடலில் போயிற்று. அதற்குப் பிந்திய தேதியைப் போட்டுத் தனுஷ்கோடியில் யாரும் ஒரு வண்டியை நிறுத்த முடியாது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னும் அங்கே இலங்கைக் கப்பலோடு இணைந்து ஓடிய போட் மெயில் வண்டி கிடையாது. கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள். ஆக, அந்த நிலையத்துக்கு முன்னும் பின்னும் சுவர் எழுப்பினாற்போல ஐம்பது ஆண்டுகளே உள்ளன. அந்த ஐம்பதில் எது என்று சொன்னால்தான் வேலையைத் தொடங்கவே முடியும்.

இந்த இடத்தில்தான் 'பழங்கால' என்ற அடை பொருந்தாமல் போகிறது. பழங்காலம் என்றால் எந்தப் பழங்காலம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மேலும், ஒருவர் விழுப்புரம் சந்திப்பை 1960இல் வைத்துச் செய்தால் பாதைக்கு மேலே வெறும் வானம் இருக்க வேண்டும். 1970இல் வைத்துச் செய்தால் மின்கம்பியும் கம்பங்களும் இருக்க வேண்டும். இரண்டும் பழையவைதாம், ஆனால் இரண்டும் வேறு வேறு. மீட்டர் பாதையில் ஓடிய ஒய்.பி. வகை நீராவி எஞ்சின்கள் 1949இல்தான் வரத் தொடங்கின. ஆகவே 1930களைக் காட்டும் நிலையத்தில் அதை நிறுத்தினால், எஞ்சின் எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்கு அது முள்ளாக உறுத்தும். நாளைக்கே ஒருவர் 2010ஆம் ஆண்டின் நிலையம் ஒன்றைத் தேதி பிசகாமல் அமைக்கலாம். அதுவும் இந்த வகைதான். பழமை இதன் இலக்கணத்தில் இல்லை. குறித்துக்கொண்ட ஒரு காலத்துக்கு உண்மையாக இருப்பதே இதன் இலக்கணம்.

'வரலாற்று' என்பதும் இதே காரணத்தால் விலகிப்போகிறது. அதில் வேறொரு சுமையும் இருக்கிறது: வரலாற்றுச் சிறப்புமிக்க நிகழ்ச்சி ஒன்றைக் காட்டுவதாக எதிர்பார்ப்பு எழுந்துவிடும். நாங்கள் காட்ட விரும்புவது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையின் காலைப் பொழுது.

> காலகட்டம் என்ற சொல் வழக்கில் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஏன் ஆக்க வேண்டும், ஐயா?

மறுமொழியில் ஒரு தம்பி கேட்ட இந்தக் கேள்வி நியாயமானது. அதை நான் தள்ளவில்லை. ஆனால் காலகட்டம் என்ற சொல்லுக்கு வேறொரு வேலை காத்திருக்கிறது. ஐரோப்பிய மாதிரி இரயில் சங்கங்களின் கூட்டமைப்பான மோரோப், இரயில் வரலாற்றைப் பெரிய பகுதிகளாகப் பிரித்து ரோமன் எண் இட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொடங்கி ஏறத்தாழ 1970 வரை வருவது மூன்றாவது. எல்லைகள் நாட்டுக்கு நாடு சற்று மாறும். ஜெர்மன்காரர்கள் 'எப்போக்கே' என்று வழங்கும் அதற்குக் 'காலகட்டம்' அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது: மூன்றாம் காலகட்டம், நான்காம் காலகட்டம். அந்தக் காலகட்டத்துக்குள் ஒருவர் தமக்கென்று பொறுக்கிக்கொள்ளும் ஆண்டை, சில வேளை மாதத்தையும், சொல்லத் தனிச்சொல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால், 'நான் மூன்றாம் காலகட்டத்தில் 1963 காலகட்டத்தை அமைக்கிறேன்' என்று எழுத நேரும்.

இதற்கு நான் முன்மொழிவது 'குறிகாலம்'. ஏவுகணை, குடிநீர், எரிபொருள் ஆகியவற்றைப் போல இது வினைத்தொகை: குறித்த காலம், குறிக்கின்ற காலம், குறிக்கும் காலம் என மூன்றுக்கும் இடந்தரும். அமைப்பவர் தொடக்கத்தில் குறித்துக்கொண்ட காலம் அது. பார்க்கிறவருக்கு ஒவ்வொரு பொருளும் குறிக்கின்ற காலமும் அதுவே. தயவுசெய்து யாரும் இடையில் வல்லினம் மிகுவித்துக் 'குறிக்காலம்' என்று எழுத வேண்டாம். அப்படி எழுதினால் வினைத்தொகை போய்விடும். குறி சொல்கிற நேரம் என்று பொருள் திரும்பிவிடும்.

குறிகாலம் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கு என் மேசையிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். நிலையத்துக்கு வெளியே ஒரு தேநீர்க் கடை வைத்தேன். ஓலைக் கூரை, இரண்டு பெஞ்சுகள், மேலே 'முருகன் துணை' என்று ஒரு பலகை. கணினியில் எழுத்தை அடித்துச் சிறிதாக்கி அச்சிட்டு ஒட்டியும் விட்டேன். மறுநாள் காலை வெயிலில் பார்த்தபோதுதான் உறைத்தது: தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்று ஆணையிட்டது 1978இல். 1963இல் எழுதப்பட்ட பலகையில் 'ணை' இன்றைய இணைக்கொம்போடு இருக்க முடியாது. துதிக்கையைத் தூக்கிய பழைய வடிவில்தான் இருக்க வேண்டும். உள்ளே தொங்கிய 'விலை' அட்டையில் 'லை'யும் அப்படியே. என் கணினியிலுள்ள எழுத்துருக்கள் எல்லாம் புதிய வடிவத்தையே காட்டுவதால், பெரிய தாளில் கையால் வரைந்து, படம் பிடித்து, சுருக்கி அச்சிட்டேன். 9 செ.மீ. உயர எழுத்து இந்த அளவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக வருகிறது. உருப்பெருக்கி இல்லாமல் யாருக்கும் தெரியாது என்று வீட்டில் சொன்னார்கள். எனக்குத் தெரியும்; அது போதுமான காரணம்.

இரயில் பெட்டியிலும் இதுபோன்ற தவறு ஒன்று நேர்ந்தது. 1930களின் படம் ஒன்றைப் பார்த்துப் பெட்டியின் பக்கவாட்டில் 'எஸ்.ஐ.ஆர்.' என்று எழுதிவிட்டேன். தென்னிந்திய இரயில்வே வேறு இரண்டோடு இணைந்து தென்னக இரயில்வே ஆனது 1951 ஏப்ரல் 14இல். பன்னிரண்டு ஆண்டுகள் வண்ணம் பூசாமல் ஒரு பெட்டி ஓடியிருக்காது. சுரண்டி எடுத்து 'எஸ்.ஆர்.' என்று மாற்றினேன். 'மூன்றாம் வகுப்பு' என்ற அடையாளத்தை மட்டும் தொடவில்லை. அந்த வகுப்பு 1974 வரை இருந்தது.

இனி 'லேஅவுட்' என்ற பாதிக்கு வருவோம். இதில்தான் கருத்து வேறுபாடு அதிகம்.

'தளவமைப்பு' என்பது பக்கத்துக்கும் கட்டடத்துக்கும் வழங்குகிறது. இரண்டிலும் அது வரைவைக் குறிக்கிறது. எங்கள் தொழிலில் வரைவு வேறு, கட்டி முடித்த பொருள் வேறு. தாளில் தண்டவாளங்கள் எப்படிப் பிரிந்து எப்படிச் சேர்கின்றன என்று போட்டுக்கொள்வதைத் 'தடவரைவு' என்று சொல்லிவிடலாம். அதற்குப் பின் பலகையும் மண்ணும் தண்டவாளமும் கைகாட்டியும் வீடும் மனிதர்களுமாக எழுகின்ற முழுமைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

'இரயில் கொலு' என்று பரிந்துரைத்த அம்மாவின் மடல் என்னை மிகவும் மகிழ்வித்தது. நவராத்திரிக் கொலுவின் கீழ்ப்படிக்கு முன்னால் மணல் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்கவிட்டு, பூங்காவும் குளமும் வைத்து, ஒரு பொம்மை இரயிலையும் ஓடவிடுவது நம் வீடுகளில் இருக்கிற வழக்கம். நம்மில் பலருக்கு முதல் மாதிரி இரயில் அதுவாகத்தான் இருந்திருக்கும், எனக்கும் அப்படித்தான். ஆனாலும் கொலு என்றாலே வீற்றிருத்தல். அரசர் கொலுவிருப்பார், பொம்மைகள் கொலுவிருக்கும். எங்கள் பொருளோ ஓடுவதற்காகப் பிறந்தது. ஓடாத ஒன்றை, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், நாங்கள் வேறு பெயரால் அழைக்கிறோம். மனமில்லாமல்தான் இந்தச் சொல்லை விடுகிறேன்.

'காலக்கோலம்' என்பதைப் பரிந்துரைத்தவர் பாதி வழியைக் காட்டிவிட்டார். ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே பெருமூச்சோடு வழங்குகிறது. 'எல்லாம் காலக்கோலம்' என்று சொல்லாத தமிழர் உண்டா? அந்தப் பெருமூச்சு கலைச்சொல்லில் ஒட்டிக்கொள்ளும். காலத்தை விட்டுவிட்டுக் கோலத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்: 'தடக்கோலம்'.

கோலம் என்பது உருவமும் தோற்றமும் ஆகும். வாசலில் இடும் கோடும் ஆகும். சிக்குக் கோலத்தில் இழை புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தன்னையே குறுக்கே கடந்து, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்கிறதே, தண்டவாளம் பலகைமேல் செய்வதும் ஏறத்தாழ அதுதான். 'தடக்கை என்பதுபோலப் பெரிய கோலம் என்றும் பொருள்படுமே' என்று புலவர் ஐயா எழுப்பிய ஐயத்தால் எந்த நட்டமும் இல்லை. பன்னிரண்டடிப் பலகையைப் பெரிய கோலம் என்று யாரேனும் படித்தால் படிக்கட்டும். கோலம் என்றதும் அரிசி மாவுதான் நினைவுக்கு வரும் என்ற மறுப்புக்கும் ஒரு செய்தி சொல்கிறேன். தனுஷ்கோடி மணலுக்கு நான் முதலில் உண்மையான கடற்கரை மணலைத்தான் தூவினேன். அரை மில்லிமீட்டர் மணல் துகள் 1:87இல் நாலு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஜல்லியாகிவிடுகிறது; கடற்கரை முழுவதும் கல் உடைத்துக் கொட்டினாற்போல் இருந்தது. கடைசியில் கைகொடுத்தது கோலப்பொடிதான். சிட்டிகை செம்மண் கலந்து, மெல்லிய துணியில் சலித்துத் தூவி, நீர்த்த பெவிகாலை மைநிரப்பியால் சொட்டுச் சொட்டாக விட்டேன். உலர்ந்தபின் அது அந்தத் தீவின் மணலாகவே நின்றது.

ஆகவே முழுத்தொடர் 'குறிகாலத் தடக்கோலம்'. இதை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம்: இங்கிலாந்தின் லாங் விட்டனம் சிற்றூரில் பெண்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. 1920களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட், கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்த வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் குடிசைகளை அட்டையில் கூரை வைக்கோல் வரை செய்து காக்கத் தொடங்கிய முயற்சி அது. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்தபடியே அந்தப் பள்ளத்தாக்கு இன்றும் அங்கே மாதிரியாக நிற்கிறது. 'பெண்டனில் உள்ளது புகழ்பெற்ற குறிகாலத் தடக்கோலம்' என்று எழுதிப் பார்த்தேன். நாக்கில் தடையில்லாமல் ஓடுகிறது.

இதனோடு சேர்ந்த சில சொற்களையும் இப்போதே முடித்துவிடலாம். தடக்கோலத்தின் ஓரத்தில், பார்ப்பவர் கண்ணில் படாமல், வண்டிகளைக் கையால் எடுத்து மாற்றி வைக்கும் 'ஃபிடில் யார்டு' ஒன்று இருக்கும். என் தடக்கோலத்தில் அதுதான் பாம்பன்; அதற்கு அப்பால் உள்ள மண்டபமும் எழும்பூரும்கூட அதுவே. பாம்பன் பாலத்தையே செய்யலாமே என்று கேட்டவருக்கு: நாற்பதடிக் கண் ஒன்று இந்த அளவில் 14 செ.மீ. வருகிறது, இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட முழுப் பாலமும் 23 மீட்டரைத் தாண்டும். ஆகவே பாலம் திரைக்குப் பின்னால்தான். அந்த இடத்துக்கு 'மறைதடம்' என்று பெயர் வைக்கிறேன், இதுவும் வினைத்தொகைதான். வண்டியைச் சும்மா சுற்றிவரச் செய்வது 'ஓட்டுதல்' என்றும், அட்டவணைப்படி நிலைய அதிகாரியும் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனும் செய்வதுபோல் ஒவ்வொரு வண்டியையும் வாங்கி அனுப்புவது 'இயக்குதல்' என்றும் இருக்கட்டும். பாயிண்ட், சைடிங், கேபின், டோக்கன் ஆகியவற்றை நான் தொடமாட்டேன். அவை இரயில்வேத் தொழிலாளர் நாவில் மூன்று தலைமுறையாகப் புழங்கும் சொற்கள். 1963இன் தனுஷ்கோடியில் ஒரு பாயிண்ட்ஸ்மேன் வேறு சொல் சொல்லியிருக்கமாட்டார். கைகாட்டி அவர்களே தந்த சொல் என்பதால் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன்.

தீராமல் இருப்பது ஒன்று. புதிதாகச் செய்த பெட்டிக்கு வெயிலும் உப்புக்காற்றும் கரியும் பட்ட நிறத்தை ஏற்றுகிறோமே, 'வெதரிங்' என்கிறார்களே, அதற்கு 'அழுக்கேற்றல்' என்று சிலர் எழுதுகிறார்கள். கடற்காற்றில் இரும்பு துருப்பதும், ஓலை வெளுப்பதும், சுண்ணாம்புச் சுவரின் அடிப்பாகம் பாசியேறுவதும் அழுக்கில் அடங்குமா என்று தெரியவில்லை. 'பழுப்பேற்றல்' என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் வெளுப்பையும் பழுப்பு என்னலாமா? இதற்கு மட்டும் உங்கள் கருத்தை எழுதுங்கள்; நடைமேடையின் கூரைத் தகடுகளுக்கு இந்த வாரம்தான் நிறம் ஏற்றப்போகிறேன்.

அன்புடன்.