மாதவிடாய் நின்ற பிறகு அம்மாவுக்கு மறுபடியும் குரல் கேட்கிறது

கேள்வி (கோத்தகிரி): அம்மாவுக்கு 52 வயது. மனச்சிதைவுக்கு ரொம்ப வருடமாக ஓலன்சபின் சாப்பிட்டுக்கொண்டு, தேயிலை பறிக்கவும் போய்க்கொண்டு நன்றாகத்தான் இருந்தார், போன வருடம் மாதவிடாய் நின்றதில் இருந்து தூக்கம் போய், யாரோ திட்டுகிறார்கள் என்கிறார். மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை. ஹார்மோன் சிகிச்சை உதவுமா?

பதில் 1: அம்மா மேல் தப்பே இல்லைங்க. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற ரசாயனத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கும், அது குறையும்போது பல பெண்களுக்கு நோய் கூடுகிறது, ஓலன்சபினையும் ஈரல் வேகமாக உடைப்பதால் பழைய அளவு போதாமல் போகலாம். மெல்பர்னில் ஜெயஸ்ரீ குல்கர்னி குழு ஈஸ்ட்ராடியால் (ஒருவகை ஈஸ்ட்ரோஜன்) உள்ள, தோலில் ஒட்டும் பட்டையை மனநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2008-ல் வந்தது, குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் குறைந்தன. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு ரலாக்சிஃபென் (உடலின் சில இடங்களில் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் மாத்திரை) கொடுத்துப் பார்த்ததில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

பதில் 2 (குன்னூர்): என் பெரியம்மாவுக்கும் இதேதான், டாக்டர் முதலில் மாத்திரை அளவைத்தான் மாற்றினார். ஹார்மோன் என்றால் மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி வந்ததுண்டா என்று கட்டாயம் சொல்லுங்கள், கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுக்கக்கூடாது, புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனும் வேண்டும். மனநல டாக்டர், மகளிர் டாக்டர் இருவரையும் பாருங்கள். அதுவரை ஓலன்சபினை நிறுத்திவிடாதீர்கள்.

கேட்டவர்: சரிங்க, திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே மேட்டுப்பாளையம் இறங்கி கோவைக்குக் கூட்டிப்போகிறேன்.