அம்மம்மாவின் சதா சகாய மாதா படம்: எவ்வளவு பழசு, யாருக்குச் சொந்தம்?

பாலியாற்றுக்காரி:

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு சதா சகாய மாதா படம் இருக்கிறது. ஒரு முழ உயரம் இருக்கும். பொன்னிறப் பின்னணி, கருநீல முக்காடு, நெற்றியில் நட்சத்திரம், கையில் ஏந்திய பாலன் இயேசுவின் காலில் ஒரு செருப்பு கழன்று தொங்கும். கையால் வரைந்தது, இருநூறு வருடப் பழசு, உரோமையிலிருந்து வந்த சுவாமி (குருவானவர்) ஒருவர் அம்மம்மாவின் தகப்பனுக்குக் கொடுத்தது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

இப்போது இரண்டு பக்கத்தாலும் நெருக்குகிறார்கள். கனடாவில் இருக்கும் மாமா, "அது அன்ரிக், இங்கே அனுப்பு, விலை பார்ப்பம்" என்று வட்ஸ்அப்பில் விடாமல் கேட்கிறார். ஊர்ச் சிற்றாலயச் சபைக்காரரோ, படம் கோயிலுடையது, 1990இல் கூரை விழுந்தபோது மூப்பராக, அதாவது கோயில் காரியம் பார்ப்பவராக, இருந்த எங்கள் அம்மப்பா பத்திரப்படுத்தக் கொண்டுபோனது, திருப்பித் தாருங்கள் என்கிறார்கள். ஆவணித் திருவிழாவுக்கு முன் வேண்டுமாம். அம்மம்மா இருந்திருந்தால் ஒரு சொல்லில் முடித்திருப்பார்.

படம் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 2008 ஏப்ரலில் போருக்குத் தப்ப மடு மாதாவின் சுரூபத்தை (சிலையை) தேவன்பிட்டிக்குக் கொண்டுவந்தபோது அம்மம்மா இதையும் தூக்கிக்கொண்டு போய் சுரூபத்தின் முன்னால் வைத்து எடுத்து வந்தார். சில மாதங்களில் நாங்களும் வெளிக்கிட்டோம். முழங்காவில், அக்கராயன், தர்மபுரம், வலைஞர்மடம். கண்ணாடி வழியிலேயே உடைந்துபோனது. வலைஞர்மடத்தில் விறகில்லாமல் அம்மம்மாவே மரச்சட்டத்தை முறித்துக் கஞ்சி காய்ச்சினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. படத்தை மட்டும் இரண்டு மட்டைகளுக்கு நடுவே வைத்து, உரப்பையால் சுற்றி முதுகோடு கட்டிக்கொண்டார். செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் அது அப்படித்தான் வந்தது. இப்போதுள்ள அலுமினியச் சட்டம் பிறகு கிளிநொச்சியில் போட்டது.

படத்தின் பின்பக்கம் கலியாணம், ஞானஸ்நானத் தேதிகள் பென்சிலில் எழுதியிருக்கிறது. ஆகப் பழையது 1931. மூலையில் மங்கிய ஊதா முத்திரை ஒன்று, அதில் "யாழ்ப்பாணம்" மட்டும் வாசிக்கலாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அச்சுக்கூடம்:

முதலில் ஒரு வில்லைக் கண்ணாடி எடுத்து மாதாவின் கன்னத்தைப் பாருங்கள். கையால் வரைந்திருந்தால் தூரிகை இழுத்த தடமும் நிறத்தின் மேடு பள்ளமும் தெரியும். அச்சென்றால் புள்ளிகள் தெரியும். புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் தூவினது மாதிரி இருந்தால் பழைய கல்லச்சு, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வைத்து அடித்தது. வரிசையாகக் கட்டம் போட்டதுபோல் இருந்தால் பிந்தைய அச்சு. மேலே வார்னிஷ் பூசிப் பளபளப்பாக்கினதும் உண்டு, அதைப் பார்த்து ஓவியம் என்று ஏமாறுகிறவர்கள் அதிகம்.

மட்டையோடு சுற்றிக் கட்டிக் கொண்டுவந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் மரப்பலகையில் வரைந்ததில்லை, தாளோ துணியோதான்.

மன்னார் மாஸ்டர்:

பிள்ளை, இருநூறு வருடம் என்பது பொருந்தாது. மூலப்படத்தின் கதையைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

மூலம் மரப்பலகையில் வரைந்தது, கிரேத்தா தீவு மரபு. ஒரு வியாபாரி அதைத் தீவிலிருந்து களவாகக் கொண்டுவந்தான் என்பது கர்ணபரம்பரைக் கதை. உரோமையில் சாகக் கிடந்தவன், இதை ஒரு கோயிலில் சேர்த்துவிடு என்று நண்பனைக் கேட்டானாம். நண்பனின் மனைவி விடவில்லை, தன் அறையிலேயே மாட்டி வைத்துக்கொண்டாளாம். உங்கள் வீட்டுப் பிரச்சினை புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்! கடைசியில் 1499 மார்ச் 27 அன்று புனித மத்தேயு கோயிலுக்குப் போனது. அந்தக் கோயில் அகுஸ்தீனார் என்ற துறவற சபையின் பொறுப்பில் இருந்தது.

1798இல் பிரெஞ்சுப் படை உரோமையைப் பிடித்ததோடு அந்தக் கோயிலும் அழிந்தது. சபையார் படத்தைக் காப்பாற்றி, கடைசியில் தங்கள் சிற்றாலயமொன்றில் வைத்தார்கள். பெரும்பாலோர் அதை மறந்தேபோனார்கள். அழிந்த கோயில் இருந்த பக்கத்தில் இரட்சகர் சபை என்ற இன்னொரு துறவற சபையார் புனித அல்போன்சு கோயிலைக் கட்டிய பிறகுதான் தேடல் தொடங்கியது. பாப்பரசர் ஒன்பதாம் பயஸ் 1865 டிசம்பரில் படத்தை இரட்சகர் சபைக்குக் கொடுக்கச் சொன்னார். 1866 ஏப்ரல் 26 அன்று அது புதிய கோயிலுக்குப் போனது, அடுத்த வருடம் முடிசூட்டினார்கள். இன்றும் அங்கேதான்.

பிரதிகள் உலகெங்கும் பரவினது அதற்குப் பிறகுதான். ஆகவே உங்கள் படம் 1866க்கு முந்தியதாக இருக்க வழியில்லை என்பது என் கணிப்பு. 1931க்கு முன் வீட்டுக்கு வந்திருக்கலாம். யாழ்ப்பாண முத்திரை கடை முத்திரையாக இருந்தால், சுவாமி அங்கே வாங்கிப் பரிசாகக் கொடுத்திருக்கலாம். அமலமரித் தியாகிகள் என்ற மறைபரப்புச் சபைச் சுவாமிமார் 1847 முதல் வடக்கில் இருந்தவர்கள். வெள்ளைக்காரச் சுவாமி கொடுத்தால் அது உரோமையிலிருந்து வந்ததென்று ஊரே முடிவுகட்டிவிடும்.

வவுனியன்:

அச்சுப்படம் என்றால் ஏன் இவ்வளவு சண்டை? சபைக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

மன்னார் மாஸ்டர்:

தம்பி, முதுகில் கட்டிக் கொண்டுவந்ததை அப்படிக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

பிள்ளை, திருச்சபைச் சட்டப்படி மந்திரித்த பொருளைத் தனியாள் சொந்தமாக வைத்திருக்கலாம், மரியாதைக் குறைவாகக் கையாளக்கூடாது, அவ்வளவுதான். கோயிலில் வைத்து மக்கள் பெரிதாக வணங்கும் படத்தைக் கைமாற்றுவதற்குத்தான் உரோமையின் அனுமதி வேண்டும். ஆக, கோயில் படமா வீட்டுப் படமா என்பதுதான் கேள்வி. விடை பின்பக்கத்தில் இருக்கிறது. 1990க்கு முந்திய தேதிகள் அந்தந்தக் காலத்தில் எழுதியவையா, ஒருவரே பின்னாளில் ஒன்றாக எழுதியவையா? கையெழுத்தைப் பாருங்கள். கோயில் படத்தின் முதுகில் ஒரு குடும்பத்தின் ஞானஸ்நானத் தேதியை யாரும் எழுதமாட்டார்கள்.

பாலியாற்றுக்காரி:

பார்த்துவிட்டேன். கன்னத்தில் மணல் தூவின மாதிரிப் புள்ளிகள். கல்லச்சுதான். மாமாவுக்குச் சொன்னேன், அதன் பிறகு வட்ஸ்அப்பில் சத்தமில்லை.

பின்பக்கத்தில் மூன்று கையெழுத்து. 1931 ஒருவர். ஐம்பதுகளில் வந்தவை அம்மம்மாவின் கோணல் எழுத்து, அது எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவின் ஞானஸ்நானம் வேறொருவர். பென்சிலும் ஒவ்வொன்றும் வேறு. 1990க்கு நெடுநாள் முன்பே அது எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது.

சபையில் ஒரு முதியவரிடம் இதைக் காட்டினேன். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. செபமாலை மாதமான அக்டோபரில் இந்தப் படத்தைப் பீடத்தருகே கண்டதாகத்தான் உறுதியாகச் சொல்கிறார். அம்மப்பா மூப்பர்தானே, அக்டோபரில் வீட்டுப் படத்தைக் கொண்டுபோய் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். படம் வீட்டில்தான் இருக்கும், திருவிழா நாட்களில் கோயிலுக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்குச் சம்மதம், மற்றவர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள்.

மாஸ்டர், இரட்சகர் சபைக்குப் படம் போனபோது அகுஸ்தீனாருக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா?

மன்னார் மாஸ்டர்:

கிடைத்தது. பதிலாக வேறொரு படம் கொடுக்கும்படி பாப்பரசரே எழுதியிருந்தார்.

பாலியாற்றுக்காரி:

அப்படியென்றால் சபைக்கு ஒரு நல்ல பிரதி போட்டுக் கொடுக்கிறேன், முணுமுணுப்பும் அடங்கும். பெரிய படத்தைக் கண்ணாடியில்லாமல் ஸ்கேன் பண்ணும் இடம் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருந்தால் சொல்லுங்கள். பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும்.

அச்சுக்கூடம்:

தனிமடலில் அனுப்புகிறேன். சட்டத்தைக் கழற்றும்போது ஹார்ட்போர்டில் பசை போட்டு ஒட்ட விடாதீர்கள், பென்சில் எழுத்தெல்லாம் போய்விடும்.