மூன்று வயதுப் பிள்ளையும் ஞாயிறு ஆராதனையும்

நான்: சித்தி, ஒரு யோசனை சொல்லுங்கள். தம்பிக்கு மூன்று வயதாகிவிட்டது. பாளையங்கோட்டையில் நம் ஊசிக்கோபுரக் கோவிலைப் பார்த்ததும் குதிக்கிறான். உள்ளே போனால் பத்து நிமிடம்கூட உட்காருவதில்லை. கொஞ்ச நாள் ஆச்சியோடு வீட்டில் விட்டுவிட்டு வரட்டுமா?

சித்தி: வேண்டாம் மக்களே, கூட்டிக்கொண்டே வா. எந்த இடத்தில் உட்காருகிறீர்கள்?

நான்: கடைசி பெஞ்சு, வாசல் பக்கம்.

சித்தி: அங்கிருந்து அவனுக்கு என்ன தெரியும்? பெரியவர்கள் முதுகுதான். முன்னால் வந்துவிடு. பாடகர் குழு வருவது, பீடத்தில் மெழுகுவர்த்தி எரிவது எல்லாம் கண்ணில் படும். காணிக்கையை அவன் கையில் கொடு, அவனே பையில் போடட்டும்.

மாமா: முன்னால் உட்கார்ந்து அழுதால்? போதகர் ஐயர் பிரசங்கம் செய்ய வேண்டாமா?

சித்தி: அழுதால் வெளியே தூக்கிப்போய்ச் சமாதானப்படுத்தட்டும் அண்ணே. ஆனால் திரும்ப உள்ளே வர வேண்டும். மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டினார்களே, இயேசு யார்மேல் விசனமடைந்தார்? சீஷர்கள்மேல்தான். பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்தார்.

ஆச்சி: சரியாகச் சொன்னாய். 1826-இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் கட்டிய கோவில் அது. எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் அழுகையைக் கேட்டிருக்கும்!

அண்ணன்: போனில் சத்தமில்லாமல் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தால் என்ன?

சித்தி: போன் மட்டும் வேண்டாம் தம்பி. கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு கோவிலில் எதுவும் ஏறாது. ஒரு நோட்டும் கலர் பென்சிலும் போதும். அப்புறம், சனிக்கிழமை குடும்ப ஜெபத்தில் மறுநாள் பாடப்போகும் கீர்த்தனையில் ஒன்றைப் பாடிவிடுங்கள். தெரிந்த பாட்டு வந்தால் பிள்ளை தானாக நிமிர்ந்து உட்காரும். பரமண்டல ஜெபமும் அப்படித்தான், தினமும் கேட்டால் வாயில் வந்துவிடும்.

நான்: திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்கப் போகும்போது என்ன செய்வது சித்தி?

சித்தி: கூடவே அழைத்துப் போ. திடப்படுத்தல் ஆகி, திருவிருந்து வாங்கும் உரிமை இன்னும் பெறாத பிள்ளைகளுக்கு ஐயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். என் பேத்தி முழங்காலிடுவதற்கு முன்பே தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அந்தக் கைக்காக வாரம் முழுவதும் காத்திருக்கிறாள்.

ஆச்சி: குருத்தோலை ஞாயிறு வருகிறதே. முதல்நாளே ஓலையில் சிலுவை முடைந்து தருகிறேன். பவனியில் பிடித்துக்கொண்டு நடக்கட்டும்.

மாமா: சரி, முன்வரிசையில் நான் இடம் பிடித்து வைக்கிறேன். சீக்கிரம் வந்துவிடு.

சித்தி: தின்பதற்கு முறுக்கு கொண்டுவராதே, சத்தம் கேட்கும். வாழைப்பழம் போதும்.