முதல் முறையாக முழு கூஸ் வாத்தைப் புகையில் வேகவைத்தபோது

முழுக் கோழியைப் பலமுறை ஸ்மோக்கரில் (கரியும் மரத்துண்டும் போட்டுப் புகையில் மெல்ல வேகவைக்கும் மூடிய அடுப்பு) வைத்து எடுத்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் 5 கிலோ கூஸ் வாத்தில் இறங்கினேன். கோழி வேறு, இது வேறு. தோலுக்கு அடியில் அத்தனை கொழுப்பு!

உறைந்திருந்த வாத்து ஃபிரிட்ஜில் இளகவே மூன்று நாள் ஆனது. வயிற்றுக்குள் கட்டியாக இருந்த கொழுப்பைக் கையாலேயே பிய்த்தெடுத்தேன். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மெல்லிய தீயில் உருக்கி வைத்தால் உருளைக்கிழங்கு வறுக்க அத்தனை அருமையாக இருக்கும். லிட்டருக்கு 60 கிராம் உப்பு கலந்த தண்ணீரில் வாத்தை ஓர் இரவு ஊறவிட்டேன்.

மறுநாள் துடைத்துவிட்டு ஊசியால் தோலைக் குத்தினேன். இதற்கு நிதானம் வேண்டும். நேராகக் குத்தினால் ஊசி சதைக்குள் இறங்கிச் சாறு வெளியேறிவிடும். சாய்வாகப் பிடித்து, தோலும் கொழுப்பும் மட்டும் துளைபடும்படி குத்த வேண்டும். மார்பிலும் தொடைச் சந்திலும் நிறையவே குத்தலாம். அப்புறம் மூடாமல் ஃபிரிட்ஜில் ஒரு நாள் காயவிட வேண்டும். நான் அவசரப்பட்டு இரண்டே மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். தோலில் ஈரம் போகவில்லை. புகை திட்டுத் திட்டாகத்தான் பிடித்தது.

ஆப்பிள் மரத்துண்டு போட்டு, ஸ்மோக்கரை 120 டிகிரி செல்சியஸில் வைத்தேன். கொழுப்பு சொட்ட அடியில் ஒரு தட்டு வைத்திருந்தேன், ஆனால் சின்னத் தட்டு. மூன்றாவது மணி நேரத்தில் அது நிரம்பி வழிந்து கரியில் விழ, குப்பென்று தீப்பிடித்தது. பயந்தே போனேன். மூடியைச் சாத்தி, காற்றுத் துவாரங்களை எல்லாம் அடைத்த பிறகுதான் அடங்கியது. கொழுப்பு எரியும்போது தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது, எரிகிற கொழுப்பு நாலாபக்கமும் தெறிக்கும். ஆழமான தட்டாக வையுங்கள், நடுவில் ஒருமுறையாவது வடித்துவிடுங்கள்.

ஐந்து மணி நேரத்தில் தொடையின் உள்ளே 74 டிகிரி வந்தது. தோல் ரப்பர் மாதிரி இழுத்தது, ஒதுக்கி வைத்துவிட்டோம். ஆனால் அந்த இறைச்சி! கருஞ்சிவப்பாக, அழுத்தமான ருசியோடு, உள்ளே ஈரம் குறையாமல். அதற்காகவே மறுபடியும் செய்வேன்.

*

மேலே எழுதியவரைப் போலத் தோல் விஷயத்தில் எனக்கும் இதேதான் நடந்தது. காயவிட்டது போதாது என்பது உண்மைதான், ஆனால் 120 டிகிரியில் எவ்வளவு நேரம் வைத்தாலும் வாத்துத் தோல் மொறுமொறுப்பாகாது. இரண்டாவது முறை, தொடை 65 டிகிரியைத் தொட்டதும் ஸ்மோக்கரிலிருந்து எடுத்து, 200 டிகிரியில் சூடாக இருந்த ஓவனுக்கு மாற்றினேன். 74 வருவதற்குள் தோல் பொன்னிறமாகிவிட்டது. ஃபிரிட்ஜில் காயவிடுவதற்கு முன் கொதிநீரைத் தோல் முழுக்க ஊற்றினேன். தோல் சுருங்கி இறுகியது கண்ணெதிரே தெரிந்தது. இறக்கைகளின் நுனி சீக்கிரம் கருகும், ஃபாயில் சுற்றிவிடுங்கள்.

*

உங்கள் இருவருக்கும் தோல் சிக்கல் என்றால் எனக்கு வேறு: என் முதல் வாத்து கசந்தது. கடைசிவரை விறகு போட்டுக்கொண்டே இருந்தேன், அதுவும் காற்று சரியாகக் கிடைக்காமல் வெள்ளையாக, அடர்த்தியாகப் புகை வந்தது. இப்போது முதல் இரண்டு மணி நேரம் மட்டும் மெல்லிய நீலப் புகை, அப்புறம் வெறும் கரிச்சூடுதான். இன்னொன்று: வெட்டும்போது தோலுக்கு அடியில் இறைச்சி இளஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்து, வேகவில்லை என்று திரும்ப உள்ளே வைத்து உலர்த்திவிட்டேன். அந்த நிறம் புகையால் வருவது. தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் தொடையின் தடித்த பகுதியில் இரண்டு இடங்களில் குத்திப் பாருங்கள், இரண்டிலும் 74 இருந்தால் நிறத்தைப் பார்த்துக் கலங்காமல் இறக்கிவிடலாம்.