"லிஸ்டுல எங்க பேரு வந்துடுமா?"

எங்கள் ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை அலை வந்தபோது எனக்குப் பதினொரு வயது. தம்பியை அன்றுதான் பறிகொடுத்தோம்.

தற்காலிகக் குடியிருப்பில் இருந்த மாதங்களில் யார் யாரோ வந்தார்கள். அரிசியும் பாயும் கொடுக்க வந்தவர்கள் கையிலும் காகிதக்கட்டு, கேள்வி கேட்க வந்தவர்கள் கையிலும் காகிதக்கட்டு. அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒருநாள் இரண்டு பேர், மனநிலை பற்றிய ஆய்வு என்றார்கள். எதையும் படித்துக் காட்டாமலே கைநாட்டு வாங்கினார்கள். அக்கம்பக்கத்தார் சுற்றி நிற்க, "பையன் கனவுல வர்றானா? வாரத்துக்கு எத்தனை தடவை?" என்று கேட்டார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

கிளம்பும்போது அம்மா கேட்டார்: "சார், வீட்டு லிஸ்டுல எங்க பேரு வந்துடுமா?"

"பார்க்கலாம்மா."

அந்தப் பதில்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. இது வேறு, வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருந்தால் அம்மா வாயே திறந்திருக்க மாட்டார்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல். அதற்குச் சில மாதங்கள் கழித்து வேறோர் ஆய்வுக்காக ஒரு பெண் வந்தார். தகவல் தாளைத் தமிழில் வரி வரியாகப் படித்தார். "இதுல பணமோ வீடோ கிடைக்காதும்மா. பிடிக்கலைன்னா பாதியிலயே நிறுத்திடலாம்" என்றார். சாட்சிக்கு மகளிர் குழு அக்காவைக் கூப்பிடச் சொன்னார். தம்பி பேச்சு வந்ததும் அம்மாவின் குரல் உடைந்தது. அவர் பேனாவை மூடிவிட்டார். மறுநாள் கேள்வித்தாள் இல்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அம்மாவே ஆள் விட்டு அழைத்தார்.

இப்போது நான் உளவியல் மாணவர்களோடு களத்துக்குப் போகிறேன். ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆய்வு நெறிமுறைகளில் பேரிடர்க் கால ஆய்வுக்கென்றே தனிப் பகுதி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் தரும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும், ஒப்புதல் தாளின் நகல் ஒப்புதல் தந்தவர் கையில் போக வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. அடுத்தவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுப்பதாக ஆட்களை நம்பவைத்த உளவியலாளர் மில்கிராமின் சோதனையைப் படித்துப் பதறும் மாணவர்கள்கூட இதை வெறும் படிவ வேலையாக நினைக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் 'பார்க்கலாம்மா'வைச் சொல்வேன்.

அந்தப் பெண் தந்த நகல் ரேஷன் கார்டோடு அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. அதன் அடியில் உள்ள எண்ணுக்கு என்னைப் போன் போட்டுத் தரச் சொல்லி இரண்டு முறை பேசியிருக்கிறார்.