இடுப்பெலும்பா, கரையும் செராமிக்கா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்கு 61 வயது. கீழ்முதுகில் எல்4 என்ற முள்ளெலும்பு, அதற்கு அடுத்து கீழே உள்ள எல்5 மேல் முன்பக்கமாக நழுவியிருக்கிறது. ஸ்க்ரூ, ராடு வைத்து இரண்டையும் ஒட்டவைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். ஸ்க்ரூ வெறும் பிடிமானம்தான்; நடுவில் எலும்பு வளர்ந்து ஒட்டினால்தான் வேலை முடியுமாம்.

அதற்கு இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைப்பது பழைய வழி. எடுத்த இடம் மாதக்கணக்கில் வலிக்கலாம் என்பதால், பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்ற செராமிக் துகள்களை, முதுகிலேயே வெட்டியெடுக்கும் எலும்போடு கலந்து வைக்கலாம் என்கிறார். மாதிரியைக் காட்டினார். கல்லுப்பு போல வெள்ளையாக, உற்றுப் பார்த்தால் துளைத்துளையாக இருந்தது. அந்தத் துளைகளுக்குள் ரத்தநாளமும் எலும்பும் வளர வளர, துகள் மெல்லக் கரைந்துவிடுமாம். "எலும்பு வளர்றதுக்கு முன்னாடியே கரைஞ்சுட்டா?" என்று கேட்டார் அம்மா. எனக்கும் அதே பயம்தான்.

இதை வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? ஒட்டிவிட்டது என்று எத்தனை மாதத்தில் சொன்னார்கள்? எக்ஸ்ரே போதுமானதாக இருந்ததா, சிடி ஸ்கேனும் எடுத்தார்களா? அம்மாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. அப்புறம், இன்சூரன்ஸ் இந்தத் துகளுக்குப் பணம் கொடுத்ததா?

எலும்பு மருத்துவர்கள் யாராவது இருந்தால் ஒன்று: ஹைட்ராக்ஸிஅபடைட் (இதுவும் ஒரு கால்சியம் செராமிக்தான்) கலந்தது இன்னும் மெதுவாகத்தான் கரையும் என்கிறார்களே, அம்மா வயதுக்கு அதைக் கேட்டுப் பார்க்கலாமா?